கைப்பிடி வைத்த சட்டை

ஆலைத் தெருவில் குழந்தைகள் கையில் நிற்காமல் வழுக்கத் தொடங்கியதும், ஒட்டாத வாணலியின் விலை பாதியாகக் குறைந்ததும் ஒரே ஆண்டில்தான் நடந்தன. விலை குறைந்த செய்தி ஊர் முழுக்கப் பரவியது. குழந்தைகள் விஷயம் முதலில் தாய்மார்களுக்கு மட்டும்தான் தெரிந்தது. குளிப்பாட்டித் துவட்டப் போனால் துண்டுக்கு வேலை இருக்காது. தண்ணீர் உடம்பில் தங்காமல் மணிமணியாக உருண்டு விழுந்துவிடும். இடுப்பில் தூக்கி வைத்தால் நாலு வீடு தாண்டுவதற்குள் பிள்ளை முழங்காலுக்கு இறங்கிவிடும். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தட்டை எடுத்து வருவதற்குள் அது சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் போய்ச் சேர்ந்திருக்கும். அடிபட்ட முட்டியில் பிளாஸ்திரி நிற்காது. நெற்றியில் கொடுத்த முத்தம் நழுவிக் காதோரம் போய்விடுகிறது என்று ஒரு தாய் சொன்னபோது மற்றவர்களும் தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள். ஆரம்பத்தில் இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அந்தச் சிரிப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

காரணம் என்ன என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிற்பாடு இதை யாரும் நம்பவில்லை. வாணலி ஆலையின் பின்சுவரில் ஒரு வெந்நீர்க் குழாய் இருந்தது. பூச்சுப் பூசிச் சூளையில் சுட்டெடுத்த வாணலிகளைக் கழுவிய தண்ணீர் இளஞ்சூட்டில் அதன் வழியே இரவும் பகலும் வந்துகொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை என்பதால் தெருவின் தாய்மார்கள் எல்லாரும் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்க் குளிப்பாட்டினார்கள். பெரியவர்கள் நடுத்தெருவில் குளிக்கக் கூச்சப்பட்டு வீட்டிலேயே பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்கள். பெரியவர்கள் வழுக்கவில்லை, பிள்ளைகள் வழுக்கினார்கள். இதற்குமேல் இதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. தெருவின் மேல்கோடியில் இருந்த பால்காரரின் மகன் ஒருநாள் வாசற்படியில் கால் வைத்தவன் அப்படியே சரிவில் இறங்கி, கீழ்க்கோடி தாண்டி, பாலம் தாண்டிப் போய்விட்டான். நிமிர்ந்து நின்றபடியே போனான். பாலத்தில் நின்றவர்களுக்குக் கையாட்டினான். அதற்கப்புறம் அவன் நிற்கவே இல்லை. வெகுதூரத்தில், ஏற்றமும் இறக்கமும் இல்லாத சமவெளிச் சாலையில் தன்னை ஒரு சிறுவன் கடந்து போனதாக லாரி ஓட்டுநர் ஒருவர் பின்னால் வந்து சொன்னார்.

அந்தத் தெருவில் போர்டுக்காரி என்று ஒருத்தி இருந்தாள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அவள் தொழில். நூல் பிடிக்காமலே கோடு போடுவாள், அவள் எழுதிய எழுத்தைத் தெருமுனையிலிருந்து கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். கணவன் ஆலையில் பூச்சுப் பிரிவில் வேலை பார்த்தான். ஒரே மகள், எல்லாருக்கும் அவள் பாப்பா. பக்கத்து வீட்டில் தையல்காரி. அவளுடைய மகள் பாப்பாவைவிடச் சின்னவள், பிறந்ததிலிருந்து அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காதவள் என்பதால் பிசின் என்று பெயர் வந்தது. அந்தப் பிசினே வழுக்கத் தொடங்கியபோது தையல்காரி வேறு யோசனை எதுவும் செய்யவில்லை. குழாய்ப் பக்கம் போவதை நிறுத்தினாள். சில வாரங்களில் பிசின் மறுபடியும் இடுப்பில் நின்றாள். அதைப் பார்த்துப் போர்டுக்காரியும் நிறுத்தினாள். ஒருநாள் பாப்பா கீழே விழுந்த பென்சிலைத் தானாக எடுத்து, தரையில் ஒரு வட்டம் போட்டு, "அம்மா, இங்க பாரு, நிக்குது!" என்று கத்தினாள். போர்டுக்காரி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று பிற்பகலே சிவப்புப் பெயிண்டையும் பட்டைத் தூரிகையையும் எடுத்துப் போய், குழாய்க்கு மேலே, "இந்தத் தண்ணீரில் குழந்தைகளைக் குளிப்பாட்ட வேண்டாம்" என்று ஒரு முழ உயர எழுத்தில் எழுதினாள்.

அடுத்த நாள் தெருவே திரண்டு ஆலை வாசலுக்குப் போனது. வாசலைப் பூட்டுவார்கள், காவலாளியை விட்டு விரட்டுவார்கள் என்று எல்லாரும் தயாராகத்தான் போயிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. மேலாளர் வெளியே வந்தார், எல்லாரையும் நிழலில் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், ஒவ்வொருவர் சொன்னதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பால்காரர் பேசும்போது மேலாளரின் கண்ணில் நீர் நின்றது. அது நடிப்பில்லை என்பதைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கடைசியில் அவர் சொன்னார்: "நீங்க சொல்றது உண்மைன்னா நாளைக்கே குழாயை மூடிடறேன். ஆனா உண்மையான்னு முதல்ல தெரிஞ்சுக்க வேண்டாமா?" இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? தெரிந்துகொள்ள வேண்டாம் என்று எந்த மனிதர் சொல்வார்? எல்லாரும் தலையாட்டினார்கள். போர்டுக்காரியும் ஆட்டினாள். தையல்காரி மட்டும், "எனக்குத் தெரிஞ்சிருச்சே, நான் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் எடுத்தெறிந்து பேசித்தான் பழக்கம் என்று மற்றவர்கள் சமாளித்து அவளை அழைத்துக்கொண்டு போனார்கள்.

ஆராய்ச்சி நிலையம் ஓர் ஆண்டுக்குள் எழுந்தது. தெருவில் இருந்த எந்தக் கட்டடத்தைவிடவும் உயரம், வெள்ளை, பெரிய பெரிய ஜன்னல்கள். அதன் பெயர்ப்பலகையை எழுதும் வேலை போர்டுக்காரிக்கே கிடைத்தது. நிலையத்தை நடத்த வந்தவர் மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன அளவுகோல். எதைக் கேட்டாலும் "ஒருவேளை" என்றுதான் தொடங்குவார் என்பதால் தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ஒருவேளை சாரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஆலையின் ஆள் என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட வேலை செய்தார், வழுக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து பேசினார், யாரிடமும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்கிற ஆளாக இருந்திருந்தால் தெரு தப்பித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொய்யனைத் தெருவாசிகளுக்குக் கையாளத் தெரியும்.

ஒருவேளை சார் முதலில் வந்தது போர்டுக்காரியின் வீட்டுக்குத்தான். அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. சுவரில் அவள் எழுதியதைப் பார்த்துத் தெருவில் பாதிப் பேர் குழாயை விட்டிருந்தார்கள். மீதிப் பேரும் விட்டுவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஆளிருக்காது. பிள்ளைகள் தேறிவிடுவார்கள், ஆனால் எதனால் தேறினார்கள் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இதே போன்ற ஆலைகள் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றன, அங்கெல்லாம் இருக்கும் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? ஆகவே ஆய்வு முடியும்வரை எல்லாரும் பழைய வழக்கப்படியே நடக்க வேண்டும், எதையும் மாற்றக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். "சார், என் பொண்ணு இப்பத்தான் பென்சில் பிடிக்கிறா," என்றாள் போர்டுக்காரி. அவர், "நீங்க சுவத்துல எழுதினது உங்க நம்பிக்கைம்மா. அதை யார் வேணும்னாலும் அழிச்சிடலாம். நான் அதை உண்மையாக்கித் தரேன். அப்புறம் யாராலயும் அழிக்க முடியாது," என்றார். அந்த வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. தான் எழுதியது நிலைக்க வேண்டும் என்று எழுத்து வேலை செய்கிற யாருக்குத்தான் ஆசை இருக்காது? கொஞ்ச நாளைக்குத்தானே என்றும் நினைத்தாள். மறுநாள் காலையில் பாப்பாவைக் குழாய்க்குக் கூட்டிப்போனாள். கணவன் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிப் போனான்; ஆலையில் வேலை பார்க்கிறவன் ஆலையைப் பற்றி என்ன சொல்வான். தையல்காரிதான் மதில்மேல் எட்டிப் பார்த்து, "புத்தி கெட்டுப் போச்சாடி உனக்கு?" என்று கேட்டாள். ஆய்வு முடிந்ததும் எல்லாருக்கும் நல்லது என்று போர்டுக்காரி சொன்னதும், தையல்காரி உள்ளே போய், இரண்டு நாள் கழித்து ஒரு சட்டையோடு வந்தாள். முரட்டுத் துணியில் தைத்தது, தோளிலும் கால்களுக்கு இடையிலும் பட்டை போட்டு, முதுகில் பெட்டிக்கு இருப்பது போல ஒரு கைப்பிடி வைத்தது. "இதைப் பிடிச்சுக்கிட்டாவது நட. ஆனா நான் சொல்றதக் கேளு, குழாயை விடு," என்றாள். அதன் பிறகு ஆலைத் தெருவின் பிள்ளைகள் எல்லாரும் கைப்பிடி வைத்த சட்டைதான் போட்டார்கள், தாய்மார்கள் பிள்ளைகளைப் பெட்டி தூக்குவது போல் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள்.

முதல் அறிக்கை வெளிவந்த அன்று காலை சுவரில் இருந்த வாக்கியம் நீண்டிருந்தது. யாரும் வந்து எழுதவில்லை. ஆலையும் அதைத் தொடவில்லை, தொட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று மேலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இந்தத் தண்ணீரில்" என்பதற்கும் "குழந்தைகளை" என்பதற்கும் நடுவே, "வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால் மேலும் ஆராய வேண்டியிருப்பினும்" என்று அதே சிவப்பில், அதே உயரத்தில், அதே கையெழுத்தில் இருந்தது. போர்டுக்காரி கிட்டே போய்ப் பார்த்தாள். தூரிகையை எடுக்கும்போது கடைசியில் லேசாக இடப்பக்கம் இழுத்துவிடும் அவளுடைய பழக்கம்கூட அந்த எழுத்துகளில் இருந்தது. "வேண்டாம்" என்ற சொல் நகர்ந்து ஆலையின் ஜெனரேட்டர் அறை வரைக்கும் போயிருந்தது. அப்போதும் படிக்கிற தூரம்தான். தெரு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவரும் அறிக்கையைப் படிக்கும்போல என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள்.

அடுத்தடுத்து அறிக்கைகள் வந்தன. சோப்பைப் பற்றி ஒன்று, வீட்டுத் தரையின் பளபளப்பைப் பற்றி ஒன்று, தாத்தா பாட்டிகளில் யாராவது வழுக்கி விழுந்திருக்கிறார்களா என்பதைப் பற்றி ஒன்று. எல்லாமே ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுகள், எதிலும் பொய் இல்லை. சோப்பு வழவழப்பானதுதான். தரை பளபளப்பானதுதான். வழுக்கி விழாத தாத்தா எந்தக் குடும்பத்தில் இருக்கிறார்? ஒவ்வொரு அறிக்கைக்கும் வாக்கியம் இன்னும் கொஞ்சம் நீண்டது. "வேண்டாம்" சுவரின் முனையைத் தாண்டித் திரும்பிப் பக்கச் சுவருக்குப் போனது. தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது, முனை திரும்பும்போது முதலில் என்ன இருந்தது என்பது மறந்துபோனது. தையல்காரியின் மகள் தேறியதைப் பற்றி யாராவது கேட்டால் அதற்கும் பதில் இருந்தது. அவள் வழக்கத்தை மாற்றிக்கொண்டவள், விதிமுறைக்கு உட்படாதவள், ஆகவே கணக்கில் சேராதவள். பிற்பாடு அவளுக்கென்று தனியாகவே ஓர் அறிக்கை வந்தது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு பிசுபிசுப்பு உண்டு என்றும், அவர்கள் எந்தத் தண்ணீரில் குளித்தாலும் வழுக்க மாட்டார்கள் என்றும் அதில் இருந்தது. பிசின் தன் வீட்டு வாசற்படியில் குண்டுக்கல் மாதிரி அசையாமல் உட்கார்ந்து கட்டை உருட்டி விளையாடிக்கொண்டிருப்பாள். அவளைத் தாண்டித்தான் எல்லாரும் பிள்ளைகளைக் குழாய்க்குக் கொண்டு போனார்கள்.

தாய்மார்களின் உள்ளங்கை பற்றிய அறிக்கைதான் போர்டுக்காரியை உடைத்தது. வழுக்குவது பிள்ளையா, பிடிக்கிற கையா என்பதை யாரும் இதுவரை பார்க்கவில்லையே என்று ஒருவேளை சாருக்குத் தோன்றியிருக்கிறது. நியாயமான கேள்வி. தாய்மார்களை வரிசையாக நிற்க வைத்து உள்ளங்கையில் மை தடவி, காகிதத்தில் பதித்து, ரேகைகளின் ஆழத்தை அளந்தார்கள். பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துத் தேய்ந்துபோன கைகள். சிலருடையதில் ரேகையே சரியாக விழவில்லை. போர்டுக்காரியின் கையில் வருடக்கணக்காகப் பெயிண்ட் கழுவும் டர்பண்டைன் பட்டிருந்தது. அளந்த பெண் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தாள். அன்றிலிருந்து தெருவில் தாய்மார்கள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார்கள். கணவன்மார் சிலர் சாப்பாட்டு வேளையில் மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். போர்டுக்காரி பாப்பாவைத் தூக்கும் முன் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். என் கைதானோ, நான்தான் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு தாயிடம் இதைவிடக் கொடுமையாக எதையும் கேட்க முடியாது. கேட்டவரோ தெருவிலேயே நல்ல மனிதர்.

பிள்ளைகளின் வழுக்கலை அளக்க நிலையத்தில் ஒரு சாய்வுப் பலகை இருந்தது. பிள்ளையை அதன்மேல் நிற்க வைத்து, ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவார்கள், எந்த உயரத்தில் கால் நழுவுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். மாதம் ஒருமுறை போர்டுக்காரி பாப்பாவைக் கைப்பிடியில் பிடித்துக் கூட்டிப்போவாள். தொடக்கத்தில் பலகையை இடுப்பளவு உயர்த்தினால்தான் பாப்பா நழுவினாள். பிறகு முழங்காலளவு போதுமாக இருந்தது. பிறகு ஒரு செங்கல் உயரம். அப்புறம் ஒரு புத்தகத்தின் தடிமன். பாப்பாவுக்குப் பலகையும் பிடிக்கும், ஒருவேளை சாரையும் பிடிக்கும். "சார், இன்னிக்கு நான் ஜெயிப்பேனா?" என்று கேட்டுக்கொண்டே ஏறுவாள். அவர், "ஒருவேளை," என்பார். இருவரும் சிரிப்பார்கள். அவள் வழுக்குவது கூடிக்கொண்டே போவது எல்லாருக்கும் தெரிந்தது. அது எதனால் என்பது மட்டும் மாதத்துக்கு மாதம் குறைவாகத் தெரிந்தது. குழாயை விட்டுவிடலாமா என்று போர்டுக்காரி இரண்டொரு தடவை கேட்டாள். இவ்வளவு தூரம் வந்தபின் நடுவில் நிறுத்தினால் இதுவரை பாப்பா பட்டதெல்லாம் வீணாகிவிடும் என்று அவர் சொன்னார். அவள் சரி என்றாள்.

பாப்பா பள்ளியில் சேரும் வயதில் ஒரு வெயில் நாள் அது. புழுக்கம் தாங்காமல் நிலையத்தின் கதவுகளை எல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். பலகை ஏறும் முன் எப்போதும் கைப்பிடிச் சட்டையைக் கழற்றிவிட வேண்டும், முரட்டுத் துணி அளவைக் கெடுக்கும் என்பது விதி. போர்டுக்காரி சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பாப்பா மெல்லிய வெள்ளைச் சட்டையோடு பலகையில் நின்றாள். அதன் முனையை உயர்த்துவதற்கு ஒருவேளை சார் குனிந்தார். தொடுவதற்கு முன்பே பாப்பா நகர ஆரம்பித்துவிட்டாள். தரைமட்டமாகக் கிடந்த பலகையிலிருந்து தரைக்கு வந்து, தரையிலிருந்து வாசல் வழியாகத் தாழ்வாரத்துக்குப் போனாள். ஒருவேளை சார் அளவுகோலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். தான் இத்தனை நாளாகத் தேடிய எண் பூஜ்யம்தான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. போர்டுக்காரி ஓடினாள். படிகளில் பிடித்தாள், தோள் நழுவியது. தெருவில் பிடித்தாள், கை நழுவியது. கைப்பிடிச் சட்டையை நீட்டினாள், பாப்பா அதைப் பிடிக்கப் பார்த்தாள், துணி அவள் விரல்களுக்கு நடுவே காற்றுபோலப் போய்வந்தது. "அம்மா, பிடிச்சுக்கோம்மா!" என்று பாப்பா கத்தினாள். "பிடிக்கிறேன்டி, பிடிக்கிறேன்டி," என்று சொல்லிக்கொண்டே போர்டுக்காரி பாலம்வரை ஓடினாள். பாலத்துக்கு அப்பால் இறக்கம் அதிகம். அடுத்த ஊரில் தீயணைப்புக்காரர்கள் வலை விரித்தார்கள். வலைக் கண்ணில் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டாள். அதற்கடுத்த ஊரில் சாலை முழுக்க மணல் கொட்டினார்கள். மணலில் ஒரு கோடு மட்டும் விழுந்தது.

பாப்பாவைப் போலவே அந்த ஆண்டில் பல பிள்ளைகள் தெருவை விட்டுப் போனார்கள். அவ்வாண்டு முடிவில் வெளிவந்த பெரிய அறிக்கையில் அவர்கள் எல்லாரும் "பாதியில் விலகியவர்கள்" என்று குறிக்கப்பட்டிருந்தார்கள். விலகியவர்களைக் கணக்கில் எடுக்க முடியாது. இறுதிவரை தெருவில் இருந்த பிள்ளைகளை அளந்து பார்த்ததில், அவர்களிடம் சொல்லும்படியான வழுக்கல் எதுவும் இல்லை என்று தெரியவந்தது. அன்றைக்குச் சுவர் வாக்கியம் ஆலையைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்து, எழுத இடமில்லாமல் வாசல் கம்பிகளுக்கு இடையே உள்ளே நுழைந்துவிட்டது. கொதிகலனுக்குப் பின்னால் "வேண்டாம்" என்ற சொல் மட்டும் தனியாக இருப்பதைக் காவலாளி ஒருவர் பார்த்தார். எது வேண்டாம் என்று அவருக்குப் புரியவில்லை. எதற்கு வம்பு என்று அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

ஒருவேளை சாருக்குப் பதக்கம் கிடைத்தது. அவர் ஊரை விட்டுப் போகவில்லை. தலை நரைத்து, கை நடுங்கும்வரை அந்த வெள்ளைக் கட்டடத்திலேயே இருந்தார். ஒருமுறை போர்டுக்காரியின் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "ஒருவேளை நான்..." என்று ஆரம்பித்தார். அவள் காத்திருந்தாள். மிச்சத்தைச் சொல்லாமலே திரும்பிப் போனார். அவர் மேல் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று நிச்சயமாகத் தெரிந்தால்தானே கோபம் வரும்? சில ஆண்டுகளில் அவள் கணவன் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தான். அவள் நிலையத்திலேயே நிரந்தர வேலையில் சேர்ந்துகொண்டாள். அறைகளின் கதவுகளில் பெயர் எழுதினாள், பார்வையாளர்கள் வந்தால் கூட்டிச் சென்று காட்டினாள். பேசிப் பேசி அவளுக்கும் ஒருவேளை சாரின் பேச்சு வந்துவிட்டது. சுவரில் தொடங்குகிற அந்தச் சிவப்பு எழுத்துகளைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனாள். யாரோ நல்ல கைக்காரர் எழுதியிருக்கிறார் என்று ஒருநாள் நினைத்தாள். தான் எழுதியது என்பது வெகுநேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது, எதற்கு எழுதினோம் என்பது வரவில்லை. அன்று அவள் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறோம் என்பதும் அவளுக்குப் பிடிபடவில்லை. வாசலில் ஆணியில் தொங்கிய கைப்பிடிச் சட்டையை மட்டும் கடைசிவரை கழற்றவில்லை.

உலகம் உருண்டை என்பதால் பாப்பா சில வருடங்களுக்கு ஒருமுறை தெருவின் மேல்கோடி வழியாகத் திரும்பி வந்தாள். முதல் தடவை தெருவே கூடிக் கூச்சல் போட்டது. பிறகு பழகிவிட்டது. லாரிக்காரர்கள் முன்கூட்டியே தகவல் சொல்வார்கள், கடைக்காரர்கள் நடைபாதையில் வைத்த சாமான்களை உள்ளே எடுத்துக்கொள்வார்கள், சைக்கிளில் வருகிறவர்கள் ஓரமாக நிற்பார்கள். அவள் வளர்ந்திருந்தாள். யாரோ எங்கேயோ போட்டுவிட்ட நீளப் பாவாடையில், கைகளை லேசாக விரித்தபடி, சைக்கிள் வேகத்தில் வருவாள். போர்டுக்காரி மேல்கோடியிலிருந்து பாலம்வரை கூடவே ஓடுவாள். அந்த நேரத்துக்குள் அம்மாவும் மகளும் பேச வேண்டியதைப் பேசிக்கொள்வார்கள்.

கடைசியாக அவள் வந்தது பிசினுக்குக் குழந்தை பிறந்த ஆண்டு. தையல்காரி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தாள். குளிர் அதிகமாக இருந்த ஒரு காலையில் பிசின் கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். வாளியோடு நின்ற போர்டுக்காரியைப் பார்த்ததும், "சித்தி, இந்தத் தண்ணில குளிப்பாட்டலாமா? எங்கம்மா என்னை இங்க விடவே மாட்டாங்க. ஏன்னு சொன்னதே இல்ல," என்று கேட்டாள். இல்லை, சொல்லியிருக்கிறாள், ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அது பிசினிடம் தங்கவில்லை, அவ்வளவுதான். கல்லில் பதித்ததுபோல இரண்டு காலையும் ஊன்றி அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஆலைத் தெருவில் அந்த வயதில் அப்படி நிற்கிற ஒரே பெண் அவள். போர்டுக்காரி அவளைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். ஏதோ ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. வந்தது அப்படியே நழுவி உள்ளே போய்விட்டது. "உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா. உனக்குப் பிறவியிலேயே அந்தப் பிசுபிசுப்பு உண்டு. பிள்ளைக்கும் இருக்கும். இன்னும் ஆய்வு நடந்துட்டுதான் இருக்கு," என்றாள்.

அப்போதுதான் மேல்கோடியில் சைக்கிள் மணிகள் ஒலித்தன. ஆட்கள் ஒதுங்கினார்கள். போர்டுக்காரி வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பாப்பா குழாயடியை நெருங்கியதும் கூடவே ஓடத் தொடங்கினாள். இப்போதெல்லாம் அவளால் முன்போல ஓட முடிவதில்லை, மூச்சு வாங்கியது. பாப்பாவின் தலையில் ஒன்றிரண்டு நரைமுடி தெரிந்தது. "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டாள். "சாப்பிட்டேம்மா. நீ ஓடாத, விழுந்துடுவே," என்றாள் பாப்பா. பாலம் வருவதற்குள், ஒவ்வொரு முறையும் கேட்பதையே கேட்டாள்: "ஏம்மா, எதனாலன்னு தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்லடி. பாத்துட்டுதான் இருக்காங்க."

"சரிம்மா," என்று சொல்லிவிட்டுப் பாப்பா பாலத்தைக் கடந்து இறக்கத்தில் மறைந்தாள். ஒதுங்கி நின்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள், கடைக்காரர்கள் சாமான்களை மறுபடி வெளியே வைத்தார்கள். போர்டுக்காரி மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது பிசின் குழந்தையின் துணியை அவிழ்த்து முடித்திருந்தாள். "சூடு சரியா இருக்கான்னு பாருங்க சித்தி," என்றாள். போர்டுக்காரி முழங்கையைத் தண்ணீரில் காட்டினாள். பதமான சூடு. "சரியாத்தான் இருக்கு," என்றாள். பிசின் குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக் குழாய்க்கு அடியில் காட்டினாள். நன்றாக இறுக்கித்தான் பிடித்திருந்தாள்.